பகலில் தூங்காதவர்

என் பெரியப்பா வேலாயுதம் பகலில் தூங்குவதில்லை. இதை அவரே பலமுறை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே கணக்கு அலுவலக வேலைக்காக இளம் வயதில் கல்கத்தா வந்தவர் அவர். வந்த ஊர் அவருக்குப் பிடித்துப்போயிற்று. மீன் பிடித்தது, ட்ராம் பிடித்தது, தெருமுனையில் நின்று உலக விஷயங்களைச் சத்தமாகப் பேசும் மனிதர்களையும் பிடித்தது. ஒன்றை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் படுப்பார். எதிர்வீட்டில் ஜன்னல் சாத்திக்கொள்ளும். ரிக்‌ஷாக்காரர் தன் ரிக்‌ஷாவிலேயே காலை மடக்கிக்கொள்வார். வங்காளிகள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்: பாத்-கூம், சோற்றுத் தூக்கம்.

"சோறு தின்ன கையோட ஒரு ஊரே படுத்துக்கிடுது. பொறவு நாடு எப்படி உருப்படும்?" என்பார் பெரியப்பா.

லேக் கார்டன்ஸில் பெரியப்பாவும் பெரியம்மாவும், அவர்களோடு தங்கியிருக்கும் நானும் இருப்பது ஒரு பழைய வீட்டின் முதல் மாடி. அதற்கு மேல்மாடியில் தபன் ஹால்தார், கல்லூரியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அதற்கும் மேலே மொட்டைமாடி. ஹால்தார் பாபு மதியத் தூக்கத்தை மறைப்பவரில்லை. முன்பு விடுமுறை நாட்களில், ஓய்வுக்குப் பிறகு தினமும், சாப்பிட்டதும் கதவைச் சாத்துவார். வெயில் தாழ்ந்த பிறகு, தலைமுடி ஒரு பக்கம் நட்டுக்கொண்டு நிற்க, டீக்கடைக்கு இறங்கி வருவார். பெரியப்பா முதல் மாடி வாசலில் தயாராக நிற்பார்.

"சுப்ரபாத், ஹால்தார் பாபு."

வங்காளத்தில் அது காலை வணக்கம். சாயங்காலம் சொன்னால் என்ன அர்த்தம் என்பது ஹால்தார் பாபுவுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். முப்பது வருடமாக அவர் இதற்குத் தலையை ஆட்டிவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தார். பெரியப்பாவை அவர் வேலுதா என்றுதான் கூப்பிடுவார், வேலு அண்ணன் என்று.

பெரியப்பா ஓய்வு பெற்றதும் அவருக்கும் மதியங்கள் கிடைத்தன. அவர் என்ன செய்தார் என்பதை நான் கண்ணால் கண்டதை வைத்துச் சொல்கிறேன். கறிவேப்பிலை கசக்கிப் போட்ட மோரை ஒரு செம்பு குடிப்பார். தெற்கு ஜன்னலுக்கு அடியில், சிவப்புச் சிமெண்ட் தரையில் கோரைப்பாயை விரிப்பார். மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பார். செய்தித்தாளோடு படுப்பார். இதற்குப் பெயர் முதுகை நிமிர்த்துவது. தலையணை கிடையாது, தலையணை வைத்தால் அது தூக்கமாகிவிடும். செய்தித்தாள் கொஞ்ச நேரம் அவர் முகத்துக்கு மேலே நிற்கும், பிறகு சாயும், பிறகு நெஞ்சில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். அவர் பக்கவாட்டில் திரும்புவார். அதன்பின் வீட்டில் கேட்பது விசிறியின் சத்தம் மட்டும் அல்ல.

சமையலறையில் டீப் பாத்திரம் சத்தம் போட்டதும் செய்தித்தாள் மறுபடி மேலே எழும்பும். "இந்தப் பட்ஜெட்டப் பாத்தியா," என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அப்போது அவருடைய வலது கன்னத்தில், காதிலிருந்து தாடை வரைக்கும், கோரைப்பாயின் கோடுகள் ஒன்றுவிடாமல் பதிந்திருக்கும். அந்தக் கன்னத்தோடுதான் அவர் வாசலுக்குப் போய் ஹால்தார் பாபுவுக்குச் சுப்ரபாத் சொல்வார். படிக்கட்டு இருட்டானது என்பதாலும், ஹால்தார் பாபு பாதித் தூக்கத்தில் கண்ணாடி போடாமல் இறங்குவார் என்பதாலும் இது இத்தனை காலம் ஓடியது.

"நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று பெரியம்மா சகுந்தலாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"சொன்னா நாக்காலியில இருந்துக்கிட்டுத் தூங்குவாக. கழுத்துல்லா வலிக்கும்," என்றார் பெரியம்மா.

இந்த வருடம் பாத்ர மாதத்து வெயில் கடுமையாக இருந்தது. நம் கணக்குக்கு அது ஆவணி. மழை பெய்வதுபோல் பாவனை செய்துவிட்டு ஓடிப்போக, நடுவில் தோலை உரிக்கும் வெயில். இந்த மாதத்தில்தான் இங்கே எல்லோரும் பட்டுப்புடவைகளையும் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைகளையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வெயில் காட்டுவார்கள். மேல்மாடியில் ஹால்தார் பாபுவின் மனைவி மிதாலி பௌதி, அதாவது மிதாலி அண்ணி, பனம்பழத்தைப் பிழிந்து போண்டா சுட, அந்த வாசனை படிக்கட்டு முழுக்க இறங்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வங்காளிகளுக்குத் திருநெல்வேலி அறிவு உண்டு என்பது பெரியப்பாவின் கருத்து.

சித்திரையில் போட்ட கூழ்வத்தல் தீர்ந்துபோயிருந்தது. பெரியம்மா பாத்ர வெயிலை நம்பி இரண்டாம் தடவை கூழ் கிண்டினார். பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றி, மறுநாள் உரித்து, இரண்டு சுளகுகளில் பரப்பி மொட்டைமாடியில் வைத்தார். சனிக்கிழமை அது நன்றாகக் காய்ந்திருந்தது. எதற்கும் இன்னும் ஒரு வெயில் காட்டலாம் என்று நினைத்தார்.

அன்று மதியம் அவருக்கு லேக் மார்க்கெட் போகவேண்டியிருந்தது. சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும். கிளம்பும்போது பெரியப்பா பாயில் முதுகை நிமிர்த்தத் தொடங்கியிருந்தார்.

"வானம் ஒரு மாதிரியா இருக்கு. நீங்கதான் தூங்க மாட்டீகளே. மேல வத்தல் மேல ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க."

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

நான் அலுவலகம் முடிந்து நேராக லேக் மார்க்கெட்டுக்குப் போய்ப் பெரியம்மாவோடு சேர்ந்துகொண்டேன். ஆட்டோவில் திரும்பும்போது வானம் கிழிந்துகொண்டு கொட்டியது. பெரியம்மா முருங்கைக்காய்களை நனையாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"பெரியம்மா, வத்தல்?"

"உங்க பெரியப்பா இருக்காகல்லா. முழிச்சிட்டுதான இருப்பாக," என்றார். மூன்று நாள் உழைப்பு மழையில் கிடக்கும் பெண்ணின் குரலாக அது இல்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

வீட்டில் நடந்ததைப் பெரியப்பா பல வாரங்கள் கழித்து என்னிடம் சொன்னார். ஜன்னல் வழியாகச் சாரல் பாதத்தில் அடித்ததும் "கண்ணைத் திறந்தாராம்". பனியனோடு இரண்டு மாடி ஏறி ஓடினால், மொட்டைமாடியில் சுளகும் இல்லை, வத்தலும் இல்லை. காற்றுக்குப் பாரம் வைத்த செங்கல் துண்டுகள் மட்டும் நனைந்துகொண்டிருந்தன. யாரோ எடுத்திருக்கிறார்கள் என்ற நிம்மதியோடு அவர் இறங்கி வருவதற்கும், நாங்கள் வாசலுக்கு வருவதற்கும் சரியாக இருந்தது.

"வத்தல எடுத்துட்டீகளா?" என்றார் பெரியம்மா.

"பின்ன? மொதத் துளி விழுந்ததுமே எடுத்துட்டேன்."

"நல்லது. எங்க வச்சிருக்கீக?"

பெரியப்பா துண்டால் தலையைத் துவட்டினார். அவசியத்துக்கு மேல் துவட்டினார். "ஹால்தார் வீட்டுல. நம்ம வீடு வரைக்கும் கொண்டாந்தா சாரல் பட்டுரும்லா. அதான்."

"அப்ப வாங்க. போய் வாங்கிட்டு வந்துருவோம்."

"இப்ப என்னத்துக்கு? மழை விடட்டும்."

"படிக்கட்டுக்குள்ள என்ன மழை?"

பெரியம்மா முன்னால் ஏறினார். பெரியப்பா பின்னால் ஏறினார். நான் பையோடு கடைசியில் ஏறினேன். ஹால்தார் வீட்டு மணியை இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்த ஹால்தார் பாபுவின் முடி வழக்கம்போல் நட்டுக்கொண்டிருந்தது. இடது கன்னத்தில் அவர்கள் ஊர்ப் பாயின் தடித்த கோடுகள், பள்ளிக்கூட நோட்டுப்போல. அந்த மாடியில் மட்டும் பெரிய ஜன்னல் உண்டு, வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

"ஹால்தார் பாபு, இவர் எங்க வத்தலை உங்க வீட்டில் வைத்தாராமே. எடுத்துக்கொண்டு போகலாமென்று வந்தோம்," என்று பெரியம்மா வங்காளத்தில் கேட்டார்.

"வத்தலா?"

ஹால்தார் பாபு பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு அவருடைய தோளுக்கு மேலே, ஈரத் துண்டோடு நின்ற பெரியப்பாவைப் பார்த்தார். கொஞ்சம் குனிந்து, பெரியப்பாவின் வலது கன்னத்தைப் பார்த்தார். நான் பெரியப்பாவின் கண்களைப் பார்த்தேன். ஒரு அதிகாரியிடமும் எதற்கும் கெஞ்சாமல் பணிக்காலத்தை முடித்தவர் அவர். அந்தக் கண்கள் அப்போது கெஞ்சிக்கொண்டிருந்தன. முப்பது வருடச் சுப்ரபாத்துகளையும் ஒரே மூச்சில் திருப்பிக் கொடுக்க ஹால்தார் பாபுவுக்கு ஒரு வார்த்தை போதும். அதன்பின் பெரியப்பா இந்தப் படிக்கட்டில் தலை நிமிர்ந்து இறங்க முடியாது. தெருமுனை டீக்கடையில் ஒரு பேச்சுக்கும் வாய் திறக்க முடியாது.

ஹால்தார் பாபு மூச்சை இழுத்தார்.

"ஓ, அதுவா. ஆமாம், ஆமாம். வேலுதா கொண்டுவந்து கொடுத்தார். மழை வருதுன்னு சொல்லி என்னை எழுப்பினதே அவர்தான்." கொஞ்சம் யோசித்து, "எழுப்பினார்னா, நான் படிச்சிக்கிட்டுதான் இருந்தேன்," என்றார்.

"கொடுங்களேன், எடுத்துக்கொள்கிறேன்."

"மிதாலி அதை உள் அறையில் வச்சுப் பூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. சாவி அவகிட்ட."

"வத்தலை வைத்துப் பூட்டினார்களா?"

"எறும்பு," என்றார் ஹால்தார் பாபு, புவியியல் வகுப்பு எடுத்த அதே உறுதியோடு.

பெரியப்பா இதற்குள் ஹால்தார் பாபுவின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை மெதுவாக உயர்ந்து தன் கன்னத்தைத் தொட்டது. விரல்கள் கோடுகள் மேல் ஏறி இறங்கின. ஓய்வு பெற்ற நாளிலிருந்து இன்றுவரை தான் எந்த முகத்தோடு வாசலில் நின்றோம் என்பது அவருக்கு அந்த நொடியில் விளங்கியிருக்க வேண்டும். துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார், பல்வலிக்காரர் போல.

"சரி, பௌதி வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்," என்றார் பெரியம்மா. "டீக்குக் கீழே வாங்க ஹால்தார் பாபு. பாவம், படித்துப் படித்துக் களைத்திருப்பீர்கள்."

பெரியம்மா இறங்கினார். நான் பையில் எதையோ தேடுவதுபோல் படியிலேயே நின்றேன். மேலே வங்காளத்தில் கிசுகிசுப்புக் கேட்டது.

"வத்தல் எங்கே, ஹால்தார் பாபு?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே என்கிட்ட கொடுத்ததாச் சொன்னீங்க."

"நீங்க எடுத்திருப்பீங்கன்னு நினைச்சுத்தான் சொன்னேன்."

"நான் தூங்கிட்டிருந்தேன், வேலுதா."

"நானும்," என்றார் பெரியப்பா. குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

இருவரும் ஒரே குடையில் மொட்டைமாடிக்குப் போனார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேடினார்கள், பூந்தொட்டிகளுக்கு நடுவில் தேடினார்கள், கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பக்கத்து வீட்டு மாடியையும் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. டீக்கு வரும்போது ஒருவரின் இடது தோளும் மற்றவரின் வலது தோளும் நனைந்திருந்தன.

"சகுந்தலா," என்று பெரியப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "வத்தல் விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"டீ ஆறிரும். குடிங்க மொதல்ல."

பெரியம்மா சமையலறைக்குள் போனார். எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, இருவருக்கும் நடுவில் ஒரு தட்டை வைத்தார். கூழ்வத்தல், வெள்ளை வெளேரென்று, உள்ளங்கை அகலத்துக்குப் பூத்திருந்தது.

இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள்.

"சாவி கிடைச்சிருச்சு," என்றார் பெரியம்மா.

சுளகு இரண்டும் அடுக்களைப் பரணில் இருந்தன. அன்று மதியம் கிளம்பி வாசல் வரை போன பெரியம்மா, வானம் கறுப்பதைப் பார்த்து, "மழை வந்துரும்போல இருக்கே," என்று உள்ளே பார்த்துச் சொல்லியிருக்கிறார். பதிலாகக் குறட்டை வந்தது. அவரே மேலே போய் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு லேக் மார்க்கெட்டுக்குப் புறப்பட்டிருக்கிறார்.

ஹால்தார் பாபுதான் முதலில் ஒரு வத்தலை எடுத்தார். அது உடைந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பெரியப்பாவும் ஒன்றை எடுத்து, முடிந்தவரை சத்தமில்லாமல் கடிக்கப் பார்த்தார். கூழ்வத்தலை அப்படிக் கடிக்க முடியாது.

"நல்லாக் காஞ்சிருக்கு," என்றார் கடைசியில்.

"நல்லாப் பாத்துக்கிட்டீகல்லா," என்றார் பெரியம்மா.

ஹால்தார் பாபு மேலே பார்த்து விசிறியை ஆராய்ந்தார். அவருடைய வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மோர் குடித்துவிட்டுப் பெரியப்பா ஜன்னலுக்கு அடியில் போனபோது பாய் ஏற்கெனவே விரித்திருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு தலையணை, துவைத்த உறையோடு.

"இது என்னத்துக்கு?"

"பேப்பர் சாஞ்சுக்கிட," என்றார் பெரியம்மா, முருங்கைக்காயை நறுக்கியபடி.

பெரியப்பா சற்று நின்றார். செய்தித்தாளை மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். தலையணையை ஒருமுறை தட்டிவிட்டுப் படுத்தார். வெளியே கடையின் ஷட்டர் இறங்கியது. மேல்மாடியில் ஒரு கதவு சாத்திக்கொண்டது.

சாயங்காலம் ஹால்தார் பாபு இறங்கி வந்தபோது பெரியப்பா வாசலில்தான் நின்றார். கன்னம் வழுவழுவென்று இருந்தது. தலையணை உறையில் கோடுகள் இல்லை. சாட்சியே இல்லாத முதல் நாள் அது. ஹால்தார் பாபு அவர் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். இன்று கண்ணாடி போட்டிருந்தார்.

"என்ன வேலுதா, தூங்கலையா?"

"கொஞ்சம்," என்றார் பெரியப்பா.

ஹால்தார் பாபு கைகூப்பினார். "சுப்ரபாத்."

"சுப்ரபாத், சுப்ரபாத்," என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா செருப்பை மாட்டினார். இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.