ஆடு வராத நாள்

அப்பாவுக்குப் பேப்பர் என்றால் ஏழாம் பக்கத்தின் அடியில் வரும் மூன்று கட்டக் கார்ட்டூன்தான். ஒரு தபால்காரர், அவர் பையைத் தின்னக் காத்திருக்கும் ஓர் ஆடு. தினமும் இதே கூத்து. உக்கடத்திலிருந்து உடுமலைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் அப்பா டிரைவர். ஊரே தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாலும் அவர் ஆட்டைப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்குக் கிளம்புவார்.

அதைப் பார்க்க ஒரு முறை வைத்திருந்தார். கடைசிக் கட்டத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். முதல் இரண்டையும் பார்த்துவிட்டு, ஆடு என்ன செய்யும் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். பிறகுதான் கையை எடுப்பார். பெரும்பாலும் அவர் சொன்னதே நடக்கும். எதிரே வருகிறவன் என்ன செய்வான் என்று முன்கூட்டியே தெரியாதவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று பெருமையடித்துக்கொள்வார். பிளஸ் டூ படிக்கிறவளுக்கு இது தேவையா என்று அம்மா முணுமுணுப்பார். எனக்குத் தேவையாக இருந்தது.

அந்த வருஷம், வசனத்தை என்னைப் படிக்கச் சொன்னார். என் வாயில் கேட்டால்தான் நன்றாக இருக்கிறதாம். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் சொல்வது இப்போதெல்லாம் அடிக்கடி தப்பாகிப் போனது. அதற்கும் சிரித்துவைத்தார். சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். நினைவு வந்தால் போட்டுக்கொள்வார்.

ஒருநாள் காலை நான் சடை பின்னிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். காக்கிச் சட்டையோடு, பேப்பரை மடித்து, கையை அதன் இடத்தில் வைத்துத் தயாராக இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆடு இல்லை. பெரிய விளம்பரம் வந்துவிட்டால் அந்தப் பேப்பர்காரர்கள் முதலில் நெரிப்பது ஆட்டின் கழுத்தைத்தான். அன்று அந்த இடத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி. வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவரின் போட்டோ, பக்கத்தில் நாலு வரி. அழுகிற பிள்ளைகளின் பெயர்கள் அப்பாவின் கைக்கு அடியில் இருந்தன.

விளையாடுகிறார் என்று நினைத்து, அவரையே முதலில் சொல்லச் சொன்னேன்.

"பையை உட்டுப்போட்டு தொப்பியத் திங்கும்" என்றார். கையை எடுத்தார். குனிந்து பார்த்தார். தொடையில் தட்டிச் சிரித்தார்.

அவர் விளையாடவில்லை. அந்த நாலு வரியையும் சத்தமாகப் படித்தேன். ஓராண்டு ஆகியும் ஆறாத துயரத்துடன் என்று வந்த இடத்தில் அவர் சிரிப்பு நின்றது. கை தானாகப் போய் அந்தப் போட்டோவை மூடியது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் என் வாயால் படித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை. அவருக்குப் பின்னால் தினமும் ஒரு பஸ் நிறைய ஜனங்கள் தூங்கிக்கொண்டு போனார்கள்.

டிபன் கேரியரோடு அம்மா வாசற்படியில் நின்றிருந்தார்.

"எழுத்துதான் கலங்குது அம்மணி" என்றார் அப்பா. "ரோடு நல்லாத் தெரியுது."

"செத்தவரைப் பார்த்துச் சிரிச்சுப்போட்டு ஒக்காந்திருக்கீங்க. ஒரு கொழந்த குறுக்க ஓடியாந்தா என்னங்க தெரியும் உங்களுக்கு?" என்றார் அம்மா.

டிபன் கேரியரை அம்மா அவரிடம் கொடுக்கவில்லை. அப்பா சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதற்குப் பிறகு அவர் பஸ் ஓட்டவில்லை. இரண்டு கண்ணிலும் சர்க்கரை இறங்கிவிட்டது, போன பார்வை போனதுதான் என்று டாக்டர் கைவிரித்தார்.

பேப்பரை நிறுத்தவில்லை. படத்தில் யார் எங்கே நிற்கிறார், ஆட்டின் வாயில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வார். கையை வைத்து மூடுவதில்லை. ஆடு என்ன செய்யும் என்று சொல்வதும் இல்லை. சிரிப்பு வரும் இடத்தில் மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்துவார்.

"நல்லாப் பாரு கண்ணு. ஆடுதானே?"

ஆமாம் என்று நான் சொன்ன பிறகுதான் சிரிப்பார்.