பாதுகாப்பு நாளுக்கு எடுத்த மெட்டு

ஓமானில் சோஹார் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சைட்டில் வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு நாள். மலையாளிகள், பெங்காலிகள், தமிழர்கள் என்று ஒவ்வொரு கூட்டமும் ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் பற்றி ஒரு பாட்டுப் பாட வேண்டும். தெரிந்த மெட்டுக்கு நம் சொற்களைப் போட்டுக்கொள்வது வழக்கம். இந்த முறை பரிசு தருகிற மேலாளர் இத்தாலிக்காரர். அவர் ஊர் மெட்டையே எடுக்கலாம் என்று சொன்னவன் நான். போனில் தேடி, நடைபோட வைக்கும் பழைய பாட்டு ஒன்றை ஞாயிறு பகல் 1.10-க்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். டைரியில் நேரம் இருக்கிறது. நான் ஆவணப் பிரிவில் வேலை செய்பவன்; படிக்காமல் ஒரு தாளையும் மேலே அனுப்பியதில்லை. இந்தப் பாட்டின் பொருளை மட்டும் பார்க்கவில்லை.

சொற்களை எழுதியவர் ராமநாதபுரத்துக்காரர், கிரேனில் சுமை கட்டுகிறவர். புதன்கிழமை மதியம் மெஸ்ஸில் பாடப் போகிற எட்டுப் பேரும் ஒத்திகை பார்த்தார்கள். நான் மேஜையில் தாளம் போட்டேன். ஒருவர் வீடியோ எடுத்தார். அப்போது கிளினிக் நர்ஸ் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே வந்தார். எத்தியோப்பியர்; உயரத்தில் ஏறுகிறவர்களுக்குத் தினமும் காலையில் பிரஷர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். பாட்டு முடியும்வரை கதவருகிலேயே நின்றார். பிறகு தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார்.

பின்னாலேயே போய்க் கேட்டேன். பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னார்.

"பிரதர், அது எங்க நாட்டைப் பிடிக்க வந்த சோல்ஜருங்க பாடினது. உன்னைக் காப்பாத்த வர்றோம்னு எங்க ஊர்ப் பொண்ணைப் பார்த்துப் பாடுற பாட்டு. அப்புறம் பிளேன்ல இருந்து விஷவாயு போட்டாங்க. எங்க தாத்தாவோட அப்பா அதுலதான் போனார்."

"எங்களுக்குத் தெரியாது, சிஸ்டர்."

"வீடியோ எடுத்தாங்களே, அது எங்க போச்சு?"

போனை எடுத்தேன். குழுவில் பார்த்தேன், அதற்குள் யார் யாரோ வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். இவர் ஒரு புகார் கொடுத்தால் போதும். இன்னொரு நாட்டை இழிவு செய்ததாக வழக்கு, விசா ரத்து, ஊருக்கு டிக்கெட். மகள் இங்கேதான் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

வீட்டில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். இத்தாலியின் பாசிச ஆட்சிக் காலத்துப் பாட்டு. அந்த ஊரில் வானொலியில் கேட்டவர்கள் சமையல் நடுவிலும் முணுமுணுத்தார்களாம். ஒரு நாட்டைப் பிடிப்பது அவர்களுக்கு உல்லாசப் பயணமாகத் தோன்றியதாம். மேஜையில் தாளம் போட்ட விரல்களைப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் மெட்டை மாற்றச் சொன்னேன். ராமநாதபுரத்துக்காரர் சிரித்தார்.

"மெட்டு என்னண்ணே பண்ணுச்சு? அதுபாட்டுக்குக் கெடக்கு. நாம ஹெல்மெட்டப் போடுங்கன்னுதானே பாடுறோம்?"

"அவங்களும் காப்பாத்துறோம்னுதான் தம்பி பாடியிருக்காங்க."

சிரிப்பு நின்றது. அதே சொற்களைக் கும்மி மெட்டில் பாடுவது என்று முடிவாயிற்று.

பாதுகாப்பு நாளன்று நர்ஸ் முன்வரிசையில் முதலுதவிப் பெட்டியோடு இருந்தார். முதல் சரணம் கும்மியில் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதில் மேலாளர் உற்சாகமாகக் கைதட்ட ஆரம்பித்தார். கைதட்டலுக்கு ஏற்ப எட்டு ஜோடி சேஃப்டி ஷூக்களும் தரையில் விழுந்தன. கால் போன வழியில் வாயும் போயிற்று. பழைய மெட்டு திரும்பிவிட்டது. ராமநாதபுரத்துக்காரர் மட்டும் வாயை மூடிக்கொண்டார். மேலாளரின் உதடுகள் அசைந்தன. அவருக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. சிரித்துக்கொண்டே கூடப் பாடினார். நர்ஸ் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பரிசு எங்களுக்குத்தான்.

மறுநாள் காலை 6.20-க்கு கிளினிக் வரிசையில் நின்றேன். உயரத்தில் ஏறாதவன், எனக்கு அந்தக் கையெழுத்து தேவையே இல்லை. நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றினார். 160-க்கு 100.

"பயப்படாதீங்க, பிரதர். நான் புகார் குடுக்கப் போறதில்ல."

"நன்றி, சிஸ்டர்."

"கூடப் பாடினது யாரு? மேனேஜர். நான் வாயைத் திறந்தா முதல்ல யார் விசா போகும்?"

பட்டையைக் கழற்றிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். என் நெஞ்சு லேசாகிவிட்டது. பிரஷர் எண்ணை அன்றே டைரியில் எழுதினேன். அவர் வாய் திறக்க முடியாததில் என் நெஞ்சு லேசானதை எழுத நான்கு நாளாயிற்று.