இந்தியாவிலிருந்து நகர்ந்து வரும் நிலம்

பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படிக்க நான் மலேசியத் தோட்டத்திலிருந்து சிரம்பான் பட்டணத்துக்குக் கிளம்பிய காலையில்தானா பூமி ஆட வேண்டும்? எண்பதுகளில் நடந்தது, இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பெட்டி வாசலில் தயாராக இருந்தது. சிரம்பானை ஒட்டிய ராசா என்ற ஊரில் சித்தி வீட்டில் தங்க ஏற்பாடு. அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள். பலகை வீடு மெல்ல ஆடியது, பாத்திரங்கள் கலகலத்தன, விளக்கு சரிந்து அணைந்தது. அவ்வளவுதான், தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் இருந்த எல்லாரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

அம்மாவின் அண்ணன், எதிர்வீட்டுப் பெரிய மாமா, வந்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சகுனம் சரியில்ல லா. பொம்பளப் புள்ளைய அனுப்பாதீங்க. ஆயாக் கொட்டகையில புள்ள பாக்குற வேல இருக்கு, வேல வாங்குற மண்டோர்கிட்ட நான் பேசுறேன்."

அப்பா தலை குனிந்துகொண்டார். மாமா பேசினால் அப்பாவுக்கு வாய் திறக்காது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பஸ் வரும் நேரம் வேறு.

"சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. இது சுமத்ரா பக்கத்து நெலநடுக்கம்தான்!" என்று அடித்துச் சொன்னேன். இரண்டு பாய்களை விரித்தேன். ஒன்றின் ஓரத்தில் ஒரு டம்ளரை வைத்தேன். "கடலுக்கு அடியில இந்தியா பக்கத்து நெலம் நகர்ந்து வந்து சுமத்ராகிட்ட முட்டுது. முட்டி, அடியில நுழையுது. இப்படி."

மற்றப் பாயை அதன் அடியில் தள்ளினேன். மேல் பாயின் ஓரம் மாட்டிக்கொண்டு கூடவே வளைந்தது. இன்னும் தள்ள, விடுபட்டுத் துள்ளியது. டம்ளர் உருண்டு மாமாவின் காலடிக்குப் போனது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"அங்க மலையெல்லாம் எழும்புனதே இப்படி முட்டித்தான்," என்றேன்.

"கதை நல்லாத்தான் இருக்கு," மாமா விடுவதாக இல்லை. "இன்னிக்குப் பாத்து ஏன் ஆடுச்சு? அதச் சொல்லு."

எனக்குத் தெரியாது. எந்த வாத்தியாரும் அதைச் சொல்லித் தரவில்லை. போச்சு, இனி ஆயாக் கொட்டகைதான் என்று நினைத்தேன்.

அம்மா அண்ணனை எதிர்த்து அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. விளக்கில் எண்ணெய் ஊற்றி மறுபடி ஏற்றினாள். பிறகு வாசலுக்கு வந்து என் பெட்டியைத் தூக்கினாள்.

"அண்ணே, இந்தியாவுல இருந்து நெலமே கெளம்பி இம்புட்டுத் தூரம் வருதாம். எம்பொண்ணு இந்தா இருக்குற சிரம்பானுக்குப் போகக் கூடாதா? வழிய விடுங்க."

மாமா விலகினார். அப்பா ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.