வியாழக்கிழமைத் தண்ணீர்

என்னைத் தீவுக்கு அனுப்புகிறார்கள் என்று அறிவித்தபோது வேதாகமப் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளம்பும் இருபத்தைந்து வயதுக்காரனுக்குத் தீவு என்றால் என்ன தெரியும்? கடல், தென்னை, கரையில் காத்து நிற்கும் ஜனங்கள். வந்து இறங்கிப் பார்த்தால் கடலையே காணோம். ரங்கூன் ஆற்றுக்கு நடுவில் சேறும் மரவீடுகளுமாக ஒரு திட்டு. கரையில் நின்றால் நகரத்து மையமான கியாக்டடாவின் உயரமான கட்டடங்கள் தெரியும். நகரக் கரையிலுள்ள அலோன் துறையிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான். ஆனால் நகரத்தில் இருக்கிற யாரும் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதில்லை. மின்சாரம்கூட அங்கேயே நின்றுவிடும். எங்களுக்கு அது வந்தால் வந்தது.

முதல் மாதம் எனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. லுங்கி கட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பர்மியர்கள் கட்டுகிற விதம் வேறு, பலகைப் பாலத்தில் நடக்கும்போது இரண்டு முறை அவிழ்ந்தது. பிரசங்கம் மட்டும் நன்றாகப் போகிறது என்ற நினைப்பு இருந்தது. நான் பேசப்பேச, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் குடியிருந்த வீட்டுக்கார அக்காவின் மகள்தான் ஒரு நாள் உண்மையை உடைத்தாள். தையல் தொழிற்சாலைக்குப் போகிற பெண், வாய்க்குப் பூட்டு கிடையாது.

"நீங்க பேசற தமிழ் எங்கம்மா வயசுக்காரங்களுக்குத்தான் கொஞ்சம் புரியும் ஸயாலே. நாங்கல்லாம் சும்மா தலைய ஆட்டுவோம்."

ஸயா என்றால் வாத்தியார், போதகர். வயது குறைவாக இருந்தால் ஸயாலே. என்னை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்தத் தீவில் வெயில் காலத்தில் ஆற்றுத் தண்ணீர் உப்பேறிவிடும். குடிக்க இருப்பது ஒரே ஒரு மழைநீர்க் குளம். அங்கிருந்து காவடியில் இரண்டு தகரம் கட்டித் தோளில் தூக்கி வர வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. வந்த முதல் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறையிலிருந்து நடந்தேன், பாதி வழியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தெரு முனையில் ஒரு வேலிக்கு வெளியே சின்னக் கூரை போட்ட மரத் தட்டு. அதில் மூடி போட்ட மூன்று மண்பானைகள், கவிழ்த்து வைத்த ஒரு தகரக் குவளை. யாரையும் கேட்காமல் மொண்டு குடித்தேன். அந்தப் பானை இல்லையென்றால் தெருவில் விழுந்து கிடந்திருப்பேன். பிறகுதான் தெரிந்தது, அந்த வேலி நான் தங்கப்போகிற வீட்டு வேலி.

பர்மாவில் இது எங்கேயும் உண்டு. யே-ஓ-சின் என்பார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல்தான், ஆனால் கோடைக்கு மட்டும் இல்லை, வருஷம் பூராவும். எங்கள் தெருவில் கிழமைக்கு ஒரு வீடு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தேநீர்க் கடை பாய். சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பர்மியத் தச்சர், அவரை ஊலே என்று கூப்பிடுவோம், மாமா மாதிரி. வியாழக்கிழமை எங்கள் அக்கா. இங்கே பிறந்த தேதி மறந்தாலும் பிறந்த கிழமையை யாரும் மறக்கமாட்டார்கள். அக்காவின் புருஷன் வியாழக்கிழமை பிறந்தவர். அலோன் துறையில் மூட்டை தூக்கியவர், அங்கேயே மூட்டை சரிந்து போய்ச் சேர்ந்தார். அதனால் அக்கா வியாழக்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். துறையில் பஜ்ஜி போட்டு விற்றுவிட்டு வந்து, தோளில் காவடியை வைத்துக்கொண்டு குளத்துக்குப் போவாள்.

பங்குனி முடிகிற சமயம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பையன் க்யிம்யிண்டைங் சந்தையில் மீன் வியாபாரம். பையனின் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: வேதக்கோயிலில், குருப்பட்டம் பெற்ற ஐயர் கையால் நடக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போன கல்யாணம். எனக்குக் கல்யாணம் நடத்திவைக்க அதிகாரம் கிடையாது. எனக்கு மேலே இருந்தவர் கியாக்டடாவில் இருந்தார், மூன்றாவது மாடியில். அவர் அறையில் நீலநிறத் தண்ணீர்க் கேன் ஒன்று தலைகீழாக நிற்கும், குழாயைத் தட்டினால் குளிர்ந்த தண்ணீர் வரும். அவரை நாங்கள் ஐயா என்போம். தீவுக்காரர்கள் ஸயாஜி என்பார்கள், பெரிய ஸயா.

ஐயா கல்யாணப் பேச்சுக்காக ஒரு வியாழக்கிழமை வந்தார். அக்கா அப்போதுதான் காவடியை இறக்கிப் பானையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐயாவின் கண் தண்ணீரில் நிற்கவில்லை, கூரையில் செருகியிருந்த தழையில் போய் நின்றது. ஊலே போன சனிக்கிழமை மங்கலத்துக்கு என்று செருகிய தப்யே இலைக் கொத்து, வாடிக் கிடந்தது.

"இது யாருக்கு?" என்று கேட்டார்.

"வர்றவங்க போறவங்களுக்கு ஸயாஜி," என்றாள் அக்கா. "இன்னைக்கு எங்க வூட்டுக்காரர் கெழமை."

அவ்வளவுதான். தழை, செத்தவர், கிழமை, மூன்றையும் சேர்த்து அவர் கணக்குப் போட்டுவிட்டார். செத்தவருக்குப் படையல். இந்தப் பந்தல் வாசலிலிருந்து போக வேண்டும், அக்கா இனிமேல் அதில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, அப்படியென்றால்தான் கல்யாணத்தை நடத்துவேன் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அறைக்குள் அவரைக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"சித்திரை மாசம் நம்ம ஊர்ல, நம்ம கோயில் வாசல்லயே தண்ணீர்ப் பந்தல் போடறோமே ஐயா? பேனர் கட்டி, போட்டோ எடுத்து?"

"அது ஊழியம். இது வழிபாடு."

"ரெண்டுலயும் தண்ணிதானே ஐயா இருக்கு?"

"தம்பி, நீ வந்து எத்தனை மாசம் ஆகுது?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் தோல்விதான். வெளியே வந்தோம். அக்கா அவருக்குத் தேநீர் வைத்திருந்தாள். "ஹொக்கெ ஸயாஜி," என்றாள், சரி என்பதற்கு மரியாதையான சொல் அது. சிரித்த முகம். ஐயா அதே குளத்துத் தண்ணீரில் போட்ட தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் படகேறினார்.

அவர் போனதும் நான் அக்காவிடம் கத்தினேன்.

"ஏன்க்கா சரின்னீங்க? இது படையல் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஆனாடே ஸயாலே," என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு அப்போது உடம்பு எரியும். எதிரில் இருக்கிறவர் முகம் கோணக்கூடாது, அவருக்குச் சங்கடம் தரக் கூடாது என்ற கூச்சம். இந்த நாட்டில் அது காற்று மாதிரி எல்லோருக்குள்ளும் இருந்தது. அவள் வீட்டு வாசலில் வந்து அவள் புருஷன் நினைவை மிதித்துவிட்டுப் போகிறார் ஒருவர், அவர் மனசு நோகக் கூடாதாம். மகளோ தைத்துக்கொண்டிருந்த கல்யாண ரவிக்கையைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஊலேயிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன், என் அரைகுறை பர்மியத்தில். அவராவது சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அது அவருடைய பந்தலும்தானே? அவர் கேட்டுவிட்டு, "யாபாடே," என்றார். பரவாயில்லை. தேநீர்க் கடை பாயைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக மரத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் துறைக்குப் போகிற வழியில் தூங்குமூஞ்சி மரத்தடியில் வைத்தார்கள். திரும்பி வந்து பானைகளைக் கொண்டுபோனார்கள். என்னையும் ஒரு பானை தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். ஊலே அந்த வாடின தழையையும் மெதுவாக உருவி வேலிக்குள் போட்டார். ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். எல்லோருக்குமான கோபத்தையும் நான் ஒருவனே சுமந்துகொண்டு திரிந்தேன்.

கல்யாணமும் வியாழக்கிழமையே அமைந்தது. அன்று விடிந்ததும் விடியாததுமாக அக்கா காவடியை எடுத்தாள். தலையில் பூ, கழுத்தில் கடன் வாங்கின சங்கிலி, தோளில் காவடி.

"இன்னைக்கு ஒரு நாள் சும்மா இருங்கக்கா," என்றேன். "ஐயா கண்ணுல பட்டா கல்யாணம் நின்னுடும். பையன் வீட்டுல இன்னொரு தடவை பொறுக்கமாட்டாங்க."

"அவர் வர்றதுக்குள்ள ஊத்திடுவேன். வெயில்ல நடந்து வர்றவங்க இன்னைக்குத்தானே ஜாஸ்தி."

"வேற யாரையாவது ஊத்தச் சொல்லுங்க."

"அவர் கெழமை இது. மக கல்யாணத்தன்னைக்கு வேற யார்கிட்ட குடுப்பேன்?"

நான் ஐயாவை அழைத்து வரத் துறைக்குப் போனேன். படகு தாமதமாக வந்தது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஐயா கறுப்பு ஷூவும் முழுக்கைச் சட்டையுமாக, அங்கியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு இறங்கினார். பலகைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. முகம் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்ததும் நின்றார். நான் பானைகளைப் பார்த்தேன். அதே கூரை, அதே தட்டு, விளிம்பில் ஊலே அடித்த சுண்ணாம்புக் கோடு மாறாத அதே மூன்று பானைகள். பானைகளின் வெளிப்புறம் புதுத் தண்ணீரில் நனைந்து கறுத்திருந்தது.

ஐயா குவளையை எடுத்தார். மொண்டு குடித்தார். இன்னொரு முறை மொண்டு குடித்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல ஜில்லுன்னு இருக்கு," என்றார்.

என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிடலாம். அவர் அந்தக் குவளையைக் கையில் வைத்திருக்கும்போதே சொல்லிவிடலாம். ஆனால் கோயிலில் ஒரு பெண் வெள்ளைப் புடவையில் வேர்த்துக்கொண்டு நிற்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

கல்யாணம் நடந்தது. ஐயா கீழ்ப்படிதலைப் பற்றி நெடுநேரம் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஊலேயும் பாயும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சொல்லும் புரியாமல், அவர்களும் தலையாட்டினார்கள். பையனின் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மகள் கையெழுத்துப் போடும்போது ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அப்புறம்தான் சிரித்தாள்.

பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் ஐயாவை அலோன் வரைக்கும் கொண்டுபோய் விடுவது என் வேலை. சின்னத் துடுப்புப் படகு, எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஆற்றின் நடுவுக்கு வந்தபோது அவர் பேச ஆரம்பித்தார்.

"பார்த்தியா தம்பி? கொஞ்சம் கண்டிப்பா இருந்தா கேக்கறாங்க. எடுத்துட்டாங்க பாரு."

"எடுக்கலை ஐயா. தள்ளி வச்சிருக்காங்க. காலையில மரத்தடியில நீங்க குடிச்சது அதுலதான். அக்கா ஊத்தின தண்ணி."

அவர் திடுக்கிடுவார் என்று காத்திருந்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார்.

நான் அவர் பக்கம் குனிந்தேன். "தெரிஞ்சா குடிச்சீங்க?"

"தாகமா இருந்துச்சு."

"அப்போ அது படையல் இல்லைன்னும் உங்களுக்குத் தெரியும்."

"நம்ம ஊர்ச் சபைக்கு எழுதியாச்சு தம்பி, அந்தப் பழக்கத்தை ஒழிச்சாச்சுன்னு. அவங்களும் சந்தோஷப்பட்டாங்க. இனிமே அதைக் கிளறாதே."

நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன செய்வதற்காக எழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஐயா இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், துடுப்புக்காரர் உட்காரும்படி அதட்டினார். உட்கார்ந்தேன். ஐயா என் முகத்தையே பார்த்தார், பதில் வேண்டும் என்பது போல.

"ஹொக்கெ ஸயாஜி," என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அலோனில் அவரைக் கைகொடுத்து இறக்கிவிட்டு, அதே படகில் திரும்பினேன். நேராக ஊலே வீட்டுக்குப் போய், பந்தலைப் பழைய இடத்துக்கே தூக்க வேண்டும், ஒரு கை கொடுங்கள் என்றேன். ஏன், என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. "யாபாடே," என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார்.