சீட்டில் இருந்த பெயர்கள்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். மாடிக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது நம்பர் பிளேட் இல்லாத ஒரு பைக். துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த இரண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றிருந்தது. அதன் மேல் இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையில் செல்போன். அதிலிருந்து என் அக்கா மகளின் குரல் வந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் அவன் எங்கள் வீட்டை அண்ணாந்து பார்த்தான். பிறகு அதே பாட்டை முதலிலிருந்து போட்டான்.

திருவொற்றியூரில் அக்கா குடும்பம் கீழ்வீட்டில் இருக்கிறது, நான் மாடியில். நான் ஒரு நாளிதழில் இருபத்தாறு வருடம் குற்றச் செய்தி எழுதியவன். அக்கா மகளுக்குப் பதினாறு வயது. பன்னிரண்டு வயதில் பக்கத்து வீட்டுச் சாவில் அவள் பாடிய கானாவை யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். ஒரே வாரத்தில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அவள் முகம் தெரிந்துவிட்டது. இப்போது பஸ்ஸில் பள்ளிக்கூடம் போக முடியாது. துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு அப்பாவின் ஸ்கூட்டரில் போகிறாள். அவர் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவர். வேலையை விட்டுவிட்டு மகளின் நிகழ்ச்சிகளைக் கவனிக்கிறார். எதை ஒப்புக்கொள்வது என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை.

சாவுக் கானாவில் ஒரு முறை உண்டு. இறந்தவர், சொந்தக்காரர்கள், கூட்டாளிகள் எல்லோருடைய பெயரையும் ஒரு சீட்டில் எழுதிப் பாடகரிடம் கொடுப்பார்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அங்கேயே சண்டை வரும். கடைசி வரியில் பாடுபவர் தன் அப்பா பெயரையும் தெருவையும் சொல்லி முடிப்பார். அது கையெழுத்து மாதிரி.

மூன்று மாதம் முன்பு அப்படி ஒரு சீட்டு வந்தது. வெட்டிக் கொல்லப்பட்ட ஓர் இளைஞனுக்குப் பதினாறாம் நாள் பாட்டு. கூட்டாளிகள் என்று மூன்று பெயர்கள்.

"மாமா, இது வேணாம்னு நைனாகிட்ட சொல்லேன். அந்தப் பசங்க மூஞ்சியே சரியில்ல" என்றாள் என்னிடம்.

நான் சொல்லவில்லை. சீட்டின் கையெழுத்து புரியாததால் அதை வாங்கி நல்ல தாளில் எழுதிக் கொடுத்தேன். மூவரில் இருவருக்கு ஒரே பெயர். வாசகருக்குக் குழப்பம் வரக்கூடாது என்பது பத்திரிகைப் பழக்கம். அவர்களுக்குப் போன் செய்து விசாரித்து, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் தெருவைச் சேர்த்தேன். கொலையானவனின் கூட்டாளிகள் பெயரை என் பத்திரிகையில் ஒருநாளும் அச்சேற விட்டிருக்க மாட்டேன். இது பாட்டுதானே என்று நினைத்துவிட்டேன்.

"கூட நிக்கிற சொந்தம்" என்று தொடங்கி, தெருவோடு மூன்று பெயர்களையும் பாடி, கடைசியில் அப்பா பெயரையும் எங்கள் தெருவையும் பாடினாள். அந்த வீடியோவும் பரவியது; பைக்கில் வந்தவன் போட்டுக் கேட்டதும் அதைத்தான். பாட்டை மட்டும் கேட்பவனுக்கு அக்கா கணவர் அந்தக் கூட்டாளிகளில் நாலாவது ஆள்.

பாட்டு பரவிய சில வாரத்தில் எதிர்கோஷ்டியினர் சீட்டின் முதல் பெயருக்குரியவனைச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் வெட்டினார்கள். பிழைக்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாமவன், அவன் வீட்டு வாசலிலேயே. மூன்றாமவன் ஏதோ பழைய வழக்கில் தானாகச் சரணடைந்து புழல் சிறைக்குப் போய்விட்டான். அவன் அம்மாவை அக்கா மார்க்கெட்டில் பார்த்திருக்கிறாள். "உள்ள இருந்தா உசுராவது மிச்சங்கீது" என்றாளாம்.

பைக்கைப் பார்த்த அன்று ஏழு மணிக்குக் கீழே இறங்கி விஷயத்தைச் சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்தாள்.

"தூக்குய்யா அந்த வீடியோவ. இப்பவே தூக்கு."

"தூக்குனா பயந்துட்டான்னு பேசுவானுங்கோ" என்றார் அக்கா கணவர். "அதுவுமில்லாம, பத்து பேரு அத்த எடுத்துப் போட்டுகினு கீறான். ஒவ்வொருத்தன் வூடா போயி தூக்குவியா?"

"நீ லாரி ஓட்டிகினு இருந்த வரிக்கும் நிம்மதியா தூங்குனோம்."

"மச்சான், ரெண்டு பேரு குந்திகினு பாட்டு கேட்டா கூட உனுக்குக் கொலக் கேஸுதானா? ஃபேன்ஸா இருப்பானுங்க."

"நம்பர் பிளேட் இல்ல மாமா" என்றேன்.

"இந்த ஏரியால எவன் பைக்குல கீது?" என்று சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை.

பள்ளிச் சீருடையில் நின்றிருந்த மகள், "நைனா, ஞாயித்துக்கெழம ப்ரோகிராம் வேணாம்" என்றாள்.

"மேடையே போட்டாங்க. ராயபுரம் பூரா பேனர்ல உன் மூஞ்சிதான்."

"பேனர்ல என் மூஞ்சி. பாட்டுல உன் பேரு. அதான் வேணான்றேன்."

அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பைக் அடுத்த மூன்று நாளும் அதே நேரத்துக்கு வந்தது.

ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு ராயபுரத்தில் அவள் மேடையேறினாள். அக்கா வரவில்லை. நானும் அக்கா கணவரும் மேடைக்குப் பக்கத்தில் நின்றோம். மூன்று பாட்டுக்குப் பிறகு கூட்டம் அந்தப் பாட்டைக் கேட்டது. அவள் வேறொன்றைத் தொடங்கினாள். விடவில்லை. செருப்பு ஒன்று மேடையில் வந்து விழுந்தது. அவள் பாடினாள். கடைசி வரி வந்தபோது மைக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டாள். டோலக் மட்டும் ஓடியது.

"எம்பேர உட்டுட்டா மச்சான்" என்றார் அக்கா கணவர். "மறந்துட்டாளா?"

"இல்ல மாமா. வேணும்னுதான் உட்டா."

அவர் முகம் சுருங்கியது. மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

அந்த வரி அங்கிருந்த எல்லோருக்கும் மனப்பாடம். முதல் வரிசையில் நாலைந்து பேர் அதைப் பாடினார்கள். அடுத்த முறை கூட்டம் முழுக்கப் பாடியது. அவள் மைக் இல்லாத கையை வீசி வேண்டாம் வேண்டாம் என்றாள். பாடச் சொல்லிக் கை காட்டுகிறாள் என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினார்கள். அக்கா கணவரின் முகம் மலர்ந்தது. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு மேடையேறி, விளக்கடியில் நின்று, இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

பெயரை மூன்று முறை பாடினார்கள். பிறகு தெருவையும் பாடினார்கள்.