நல்ல உடம்புக்காரர்கள்

இரண்டாயிரம் பிறக்க ஓரிரு வருடம் இருந்தபோது, மலைமேல் ஆலத்தூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்கு, கீழே சமவெளியில் இருந்த ஒரு கல்லூரியிலிருந்து ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். நான் அப்போது பால்வாடி டீச்சர். அவர்களுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது நான்தான்.

வந்தவர்களில் ஒரு டாக்டரம்மா எல்லோருக்கும் விளங்கும்படி பேசினார். நாம் இழுக்கிற மூச்சுக்காற்றால் உடம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் துரு மாதிரி ஒன்று சேர்கிறதாம். துத்தநாகம், செலினியம், தாமிரம் எல்லாம் துளியளவு இருந்தால் உடம்பே அதைச் சமாளித்துக்கொள்ளுமாம். அவற்றை மாத்திரையாகக் கொடுத்தால் துரு இன்னும் குறையுமா என்று பார்க்க வந்திருந்தார்கள். சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை.

"நோய் நொடி இல்லாதவங்க மட்டும் வாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர்தான் முதல் ஆளாகக் கையை நீட்டினார். மிளகு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்குகிற ஆள். காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை.

"என்னைய விட நல்ல உடம்பு இந்த நாட்டுல யாருக்குங்க இருக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நானும் கையை நீட்டினேன்; எல்லோரிடமும் ரத்தம் எடுத்துப் போனார்கள்.

அடுத்த முறை வந்தபோது டாக்டரம்மா எங்கள் இருவரையும் தனியாக அழைத்தார். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அவரைச் சேர்க்கவில்லை.

"ரத்தத்துல உப்பு ஏறிக் கெடக்குதுங்க. ரெண்டு கிட்னியும் கெட்டுப்போயிருக்கும்போல. உடனே சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

"எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே?"

"பண்ணாதுங்க. முத்துற வரைக்கும் வெளிய தெரியாது."

திரும்பி நடக்கும்போது அவர், "நம்மூட்டுல ஒருத்தராச்சும் பாஸாயிட்டமே புள்ளே" என்றார்.

சேலத்திலும் அதையேதான் சொன்னார்கள். கொஞ்ச காலம் மாத்திரையில் ஓடியது. பிறகு கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. வாரம் இரண்டு தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். விடியுமுன் பஸ் பிடித்துப் போனோம். திரும்பும்போது மலை வளைவு ஒவ்வொன்றிலும் வாந்தி எடுத்தார். ஒருநாள் சேலம் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போதும் கண்ணு. இனி நான் கீழ வல்ல."

"ஏனுங்க, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமுங்க."

"பாத்தா மட்டும்? ரோட்டுல சாகறதுக்கு ஊட்டுலயே கெடக்கறேன்."

அதன்பிறகு எவ்வளவு கெஞ்சியும் அவர் பஸ் ஏறவில்லை.

நான் மட்டும் தினமும் காலையில் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டால் டாக்டரம்மா எங்கள் வீட்டுப்பக்கம் வரமாட்டாரோ என்று பயம். என்னிடம் ரத்தம் எடுக்க வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரரின் கட்டிலருகில் சற்று நேரம் உட்கார்ந்து போவார். ஒருமுறை வாசல்வரை கூடவே போய்க் கேட்டேன்.

"இந்த மாத்திரைய அவருக்குக் குடுக்கட்டுங்களா?"

"வேண்டவே வேண்டாம்மா. நமக்கு மிஞ்சினது வெளியே போயிரும். அவருக்கு உள்ளயே தங்கிரும். வெஷமாயிரும்."

அந்த வருடம் காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்குவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் போய்விட்டார். கடைசி நாட்களில் என்னை அடையாளம் தெரியவில்லை. யாரோ சந்தைக்காரியிடம் பேசுவதுபோல் என்னிடம் மிளகுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து டாக்டரம்மா முடிவைச் சொல்ல வந்தார். எனக்குக் கொடுத்தது நிஜ மாத்திரையாம்.

"ஆனா முந்தியும் பிந்தியும் உங்க ரத்தம் ஒரே மாதிரிதான் இருக்குதுங்க. ஊருல எல்லாருக்குமே பெரிசா வித்தியாசம் இல்லை. போதுமான அளவு இருக்கற உடம்புக்கு மேல குடுத்தும் ஒண்ணும் ஆகல."

"அவரு ரத்தமுங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "அதை இதுல சேர்க்கலைங்க."

காப்பி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். ஜீப் போனபிறகு உலை வைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவதென்று அப்போதும் என் கைக்குப் பழகியிருக்கவில்லை.