சாந்தாமணி டீச்சர் மன்னிக்கவில்லை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது சாந்தாமணி டீச்சரின் மகள் கோகிலாவிடமிருந்து அழைப்பு வந்தது. அமெரிக்காவில் அப்போது இரவு. அந்த நேரத்தில் அவள் கூப்பிடமாட்டாள் என்பதால் கடைக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றாள். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். மருத்துவமனையில் கண் திறக்கவே இல்லை. எப்போது வருகிறாய் என்று கேட்டேன். அங்கேயே எரியூட்டிவிட்டு, சாம்பலோடு நாமக்கல் வருவதாகச் சொன்னாள்.

சாந்தாமணி டீச்சரிடம் இயற்பியல் படித்தவர்களுக்கும், எங்களோடு நாமக்கல்லில் அந்த விடுதிப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கும், அவர் போட்டுக்கொடுத்த திட்டத்தை நம்பிக் கரீபியன் கடலில் இறங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் அதே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். டீச்சரின் கனிவைப் பற்றி உங்களில் பலர் எழுதிவிட்டீர்கள். எல்லாம் உண்மை. ஒரே ஒரு மனிதரிடம் மட்டும் அவர் கடைசிவரை கனியவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

அந்த மனிதர் எங்கள் பள்ளித் தாளாளர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. டீச்சருக்கான அஞ்சலியில் அந்தப் பெயர் அச்சாவதை நான் விரும்பவில்லை.

பொதுத்தேர்வு நெருங்கியிருந்த ஒரு நாள். ஆசிரியர்களின் கைப்பேசிகளைக் காலையிலேயே அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். டீச்சரின் கணவர் பழனிச்சாமி அண்ணன் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அன்று பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தவர்கள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பள்ளி அலுவலகத்துக்குப் பலமுறை போன் செய்தார்கள். "சொல்லிடறோம்" என்றே ஒவ்வொரு முறையும் பதில். அண்ணனுக்கு அப்போது பேச்சு இருந்தது. சாந்தா வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். டீச்சரோ பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தார். சிறப்பு வகுப்பும் முடிந்த பிறகுதான் வாட்ச்மேன் வந்து சொன்னார். நானும் கூடவே ஆட்டோவில் போனேன். நாங்கள் போனபோது அண்ணனின் முகத்தை மூடியிருந்தார்கள்.

காரியம் முடிந்து பள்ளிக்குத் திரும்பிய அன்று டீச்சர் நேராகத் தாளாளர் அறைக்குப் போனார். வாசலில் நான் நின்றிருந்தேன். "போன் வந்தப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா? என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். தாளாளர் அதற்குப் பதில் சொல்லாமல், பத்து நாள் கூடுதலாக விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். டீச்சர் விடுப்பும் எடுக்கவில்லை, அந்தக் கேள்வியையும் விடவில்லை. பணி ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் அண்ணன் இறந்த தேதியன்று அந்த அறைக்குப் போய் அதையே கேட்டுவிட்டு வருவார். ஒருமுறை நான், "விட்டுடுங்கக்கா, மன்னிச்சிட்டா உங்களுக்குத்தான் நிம்மதி" என்றேன். "மன்னிக்கறதுக்கு நான் என்ன கோயல்ல இருக்கற சாமியா மும்தாஜு? கேட்டதுக்குப் பதில் சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றார்.

ஓய்வுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் இருந்த மகளிடம் போனார். போன இடத்தில் கோகிலா தன் அம்மாவை ஸ்கூபா வகுப்பில் சேர்த்துவிட்டாள். கிணற்றில் நீந்திப் பழகிய உடம்பு, கடல் பிடித்துப்போயிற்று. முதுகில் காற்றுருளையைக் கட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு நடுவே அவர் மிதக்கும் படம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது பாதிப் பேர் நம்பவில்லை. "கீழ போயிட்டா எந்த மணியும் கேக்காது சாமி" என்று எனக்குத் தனியாகச் சொன்னார்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்காரர்கள் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் மயாமியில் சொகுசுக் கப்பல் ஏறுவது இப்போது சாதாரணம். கப்பல் தீவுகளில் நிற்கிற பகல் பொழுதில் கடலுக்குள் இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள், நாமக்கல் திரும்பிவிட்ட டீச்சரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். முதலில் புதுச்சேரியில் முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்று வாங்கி வரச் சொல்லுவார். பிறகு பண்ணைக் கிணற்றில் இறக்கி, முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் வெளியேற்றப் பழக்குவார். அதன் பிறகுதான் திட்டம். கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும் தீவில் மட்டும் முக்குளிப்பு. நடுக்கடலில் நிறுத்திச் சிறு படகில் ஆளை ஏற்றிப் போகும் இடமென்றால் அதிலேயே பொழுது போய்விடும், வேண்டாம். கப்பல்காரர்களே கூட்டிப்போகும் முக்குளிப்பு என்றால் நேரமானாலும் கப்பல் காத்திருக்கும், வெளிக்கடையில் போனால் காத்திருக்காது. ஆழமானதை முதலில் முடிக்க வேண்டும். கடலில் இறங்கியவர்கள் அடுத்த ஒரு நாள் விமானம் ஏறக்கூடாது, ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் உண்டாகி உயிருக்கே ஆபத்து, அதனால் பயணத்தின் கடைசி நாளில் யாரும் இறங்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். "தீவுல ஒரு மணி ஓடும், கப்பல்ல ஒரு மணி ஓடும். போன் தானா தீவு மணிக்கு மாறிக்கும். அதை நம்பாதீங்க. கப்பல் மணிதான் மணி."

கந்தசாமி என்ற பண்ணைக்காரர் ஒரு கோடை விடுமுறைக்குப் பல குடும்பங்களைச் சேர்த்துக் கப்பலில் இடம் பதிவு செய்தார். டெக்சாஸில் இருக்கும் என் மகன் எனக்கும் சீட்டு எடுத்துக்கொடுத்தான். எனக்கு நீச்சல் தெரியாது. டீச்சரின் அறையில் துணைக்கு இருப்பதாக ஏற்பாடு. எல்லோரும் திட்டம் கேட்க டீச்சர் வீட்டில் கூடியிருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தாளாளரும், பள்ளி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அவர் மனைவி சுலோச்சனா அம்மாவும் இறங்கினார்கள். அவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

தாளாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டீச்சர், நானும் பாண்டிச்சேரில கத்துக்கிட்டு வந்துட்டனுங்க. நமக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார்.

"போடறேனுங்க. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. அன்னைக்குப் போன் வந்தப்ப என்ன சொன்னீங்க?"

தாளாளர் சிரித்தார். "அதெல்லாம் எதுக்குங்க இப்ப? பழசாப் போச்சு."

"பழசுன்னாச் சொல்றதுக்குச் சுளுவாத்தான இருக்கும்."

அவர் எழுந்துகொண்டார். "தீவுல ஆயிரம் கடை இருக்குதுங்க டீச்சர். நாங்க பாத்துக்கறோம்." காரை நோக்கிப் போகும்போது சுலோச்சனா அம்மா மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர்கள் போன பிறகு, பயணத்தை விட்டுவிடலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். "நான் எதுக்கு உடோணும்? தண்ணிக்குள்ள கோவம் ஆகாது, காத்து சீக்கிரம் தீந்துபோகும். கோவத்தை மேல வச்சுப்போட்டு எறங்கோணும். ஏறி வந்து எடுத்துக்கலாம்" என்றார்.

கப்பல் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் நின்ற காலை. எங்கள் குழு கப்பல் ஏற்பாடு செய்த படகுக்காக வரிசையில் நின்றது. சற்றுத் தள்ளித் தாளாளர், வெளிக்கடைக்குத் துறையில் ஆள் பிடிக்கும் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் கையில் போனோடு இணைந்த கடிகாரம். அது தீவு மணிக்கு மாறி, கப்பல் மணிக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. வரிசையில் நின்ற இடத்திலிருந்தே டீச்சர் அதைப் பார்த்தார், டீச்சர் பார்ப்பதை நான் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளாளர் எங்களைக் கடந்துபோனார்.

பிற்பகல் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஆமை பார்த்த கதையை ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கப்பல் புறப்பட ஆயத்தமானபோது மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பியருகே கூட்டம் கூடி ஆரவாரம் செய்தது. எட்டிப் பார்த்தேன். நீண்ட துறைப் பாலத்தில் தாளாளர் ஓடிவந்துகொண்டிருந்தார். அரைக்கால் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, மேல்சட்டைக்குப் பொத்தான் போடவில்லை, ஒரு கையில் செருப்பு. ஏறும் பாலத்தை அதற்குள் உள்ளே இழுத்துவிட்டார்கள். அவர் தன் கடிகாரத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். தன் மணிப்படி தான் தாமதமாகவில்லை என்று சொல்கிறார் போலும். கீழே நின்றிருந்த சிப்பந்தி தலையை ஆட்டிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தான்.

கந்தசாமி பதறி, "ஏனுங்க டீச்சர், உங்களுக்குத்தான் இங்கிலீசு நல்லா வருமே, ஓடிப்போயி ஆப்பீசருகிட்டச் சொல்லுங்க" என்றார். டீச்சர் அசையவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். தீவில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிட்ட சுலோச்சனா அம்மா டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். கத்துவார், அழுவார் என்று நினைத்தேன். "கொஞ்ச நேரம் அங்கியே கெடக்கட்டும் உடுங்க" என்றார் அந்த அம்மா. கப்பல் நகர்ந்தது. தாளாளர் கையை வீசியபடி பாலத்தின் நுனிவரை வந்து நின்றார். உருவம் சிறுத்து மறையும்வரை டீச்சர் பார்த்தார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கப்பல் திறந்த கடலுக்கு வந்த பிறகு டீச்சர் சுலோச்சனா அம்மாவிடம் போய், "போன் பண்ணிச் சொல்லிருங்க. இன்னைக்குக் கடல்ல எறங்கியிருக்கறாரு, உடனே ஏரோப்ளேன் ஏறக்கூடாது. ஒரு நாள் தங்கிப்போட்டு வரட்டும்" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. அறைக்கு வந்ததும் கேட்டேன்.

"செத்துக்கித்துப் போயிட்டா நான் யாருகிட்டப் போயிக் கேக்கறது?" என்றார். நனைந்த உடுப்பை உதறிப் போட்டபடி, "பத்தல மும்தாஜு" என்றார். "கப்பலைத்தான உட்டான். அடுத்த கப்பல் வரும். என்ற ஊட்டுக்காரரு கேட்டுக்கிட்டே படுத்திருந்தாரே, அதுக்கு இது பத்தாது."

தாளாளர் மயாமியில் வந்து சேர்ந்துகொண்டார். அவர் ஓடிய ஓட்டம் யாரோ எடுத்த படமாக அவருக்கு முன்பே நாமக்கல் வந்துவிட்டது. மாணவர்கள்கூடப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த ஆண்டும் டீச்சர் அண்ணனின் தேதியன்று பள்ளிக்குப் போய்க் கேட்டார். பதில் இல்லை. அதற்கடுத்த தேதி வருவதற்குள், மகளிடம் போயிருந்த இடத்தில் இறந்துபோனார்.

கோகிலா சாம்பலோடு வந்தாள். பழைய மாணவர்கள் பள்ளி அரங்கிலேயே படத்திறப்பு வைத்தார்கள். அழைப்பிதழில் படம் திறந்துவைப்பவர் என்று தாளாளர் பெயர். கோகிலா என்னிடம் அழுதாள். "நிறுத்தச் சொல்லட்டுமா அத்தை?" வேண்டாம், அவர் பேசட்டும், அவருக்குப் பின்னால் எனக்குப் பேச நேரம் வாங்கிக்கொடு என்றேன்.

அவர் நன்றாகத்தான் பேச ஆரம்பித்தார். கடமை, அர்ப்பணிப்பு என்று வரிசையாக வந்தது. பிறகு இதைச் சொன்னார்: "டீச்சரோட கடமை உணர்ச்சிக்கு ஒரே ஒரு சம்பவம் சொல்றேன். வீட்டுக்காரர் இறந்துபோன அன்னைக்குக் கூட, வகுப்பை முழுசா முடிச்சுட்டுத்தான் கெளம்பினாங்க." அரங்கம் கைதட்டியது.

நான் மேடையேறினேன். தயாரித்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, அன்று நடந்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன். பட்டறை, போன், அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தது, மூடிய முகம். பிறகு முன்வரிசையைப் பார்த்து, "டீச்சர் வருஷா வருஷம் உங்ககிட்டக் கேட்டதை இப்ப நான் கேக்கறேன். போன் வந்தப்ப என்ன சொன்னீங்க?" என்றேன்.

அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து நாற்காலியிலிருந்து சுலோச்சனா அம்மா எழுந்தார். "அன்னைக்கு ஆப்பீஸ்ல போன் எடுத்தது நானுங்க. ஒவ்வொரு தடவையும் இவருகிட்டப் போயிச் சொன்னேன். 'பரிச்சை நேரம், கிளாஸ் முடியட்டும், அதுக்கப்பறம் சொல்லிக்கலாம்'னு சொன்னாரு" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

யாரும் கைதட்டவில்லை. கோகிலா எழுந்துபோய்த் தன் கையாலேயே படத்தின் துணியை விலக்கினாள்.

வெளியே வந்தபோது தாளாளர் என்னை வழிமறித்தார். "செத்துப்போனவங்களை வச்சுக்கிட்டு இதெல்லாம் பேசறது நல்லாவா இருக்குது?"

"அவங்கதான் செத்துட்டாங்க. நான் இருக்கறேன்" என்றேன்.

அடுத்த நாள் கோகிலா தன் அம்மாவின் அலமாரியைத் திறந்துவிட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். சேலைகள், புத்தகங்கள், கடலில் இறங்கும் கருவிகள் எல்லாம் அடுக்கி வைத்தபடி இருந்தன. எதையும் எடுக்க எனக்குத் தோன்றவில்லை. டீச்சர் பதில் கேட்டுப் போகும் அந்தத் தேதியைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். வரும் ஆண்டு அந்த நாளில் சேலத்திலிருந்து பஸ் ஏறி நாமக்கல் போவேன். போன் வந்தபோது அவர் என்ன சொன்னார் என்பது இப்போது ஊருக்கே தெரியும். ஏன் அப்படிச் சொன்னார் என்று அந்த அறையில் போய்க் கேட்பேன்.